கிட்டங்கிப் படுகையில் தோண்டிய கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரை அளவில் ஆரம்பித்து முழங்காலில் முடிகிறது. நடுவில் கொஞ்ச நேரம் சின்ன வயதுச் சேட்டைகள். மாங்காய் திருடியது, வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டது என்று ஆளாளுக்கு அவிழ்த்துவிடுவீர்கள். என் முறை வந்தால், "நான் ரொம்ப சாதுவான பிள்ளை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நீங்களும் நம்பினீர்கள். போன மாசியில் என் சித்தி இறந்துபோனாள். சித்தப்பாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். சித்தியின் மகன் ஒருவன்தான் மிச்சம், அவன் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். நான் சாது இல்லை.

எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்கு மேற்கே, வெட்டாற்றங்கரையில் இருக்கிறது. துறைமுகம் ஒல்லாந்துக் கம்பெனிக்காரர்கள், அதான் டச்சுக்காரர்கள், கையில் இருந்த காலத்தில், சுற்றுவட்டாரத்துத் தறிகளில் நெய்த துணியையெல்லாம் எங்கள் ஊர் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து மூட்டை கட்டி, படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்புவார்களாம். துணி வைத்திருந்த கிட்டங்கி இடிந்து மண்ணோடு மண்ணாகி வெறும் மேடாகக் கிடந்தது. கிட்டங்கி மேடு என்றுதான் பெயர். மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே நாணலும் கோரையுமாக ஒரு படுகை. தண்ணீர் வந்தால் பாதி முழுகும். கோடையில் ஆட்டுக்காரர்கள் தவிர ஒருவரும் போக மாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. படுகையின் வடக்குப் பக்கத்தில்தான் ஊரில் இறந்துபோகிற கைக்குழந்தைகளைப் புதைப்பார்கள்.

அந்தச் சித்திரையில் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தார். டேப்ரிக்கார்டர் கொண்டுவருவார் என்று தெருவே காத்திருந்தது. அவர் கொண்டுவந்தது ஒரு நீளப் பெட்டி. உள்ளே ஒரு கம்பி, கம்பியின் முனையில் தோசைக்கல் அளவு வட்டத் தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. பூமிக்குள் இரும்போ செம்போ கிடந்தால் சத்தம் போடும் மெஷின். அங்கே குழாய் பதிக்கிற வேலையில் சித்தப்பாவுக்கு மேலே இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர், விடுமுறை நாளில் கடற்கரையில் பழைய காசு தேடுகிற ஆசாமியாம். வேலையை விட்டுப் போகும்போது மெஷினைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே அந்தக் கிறுக்கையும் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தப்பா விடிந்ததும் கிட்டங்கி மேட்டுக்குப் போவார். நான் மண்வெட்டி, தண்ணீர்ச் செம்போடு பின்னால் போவேன். கயிறு கட்டி வரிவரியாகப் பிரித்து, தட்டைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே நடப்பார். ஊங் என்று மெல்லிசாக இழுத்துக்கொண்டிருக்கும் சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறும். நான் உட்கார்ந்து தோண்ட வேண்டும். முக்கால்வாசி ஆணி, லாடம், மருந்து டப்பா மூடி. எப்போதாவது பச்சை பூத்த செப்புக்காசு. ஒருநாள் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை. ஈயம். துடைத்துப் பார்த்தால் பின்னிப் பிணைந்த எழுத்துகள். சித்தப்பா அதை நாகப்பட்டினத்தில் ஒரு காலேஜ் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். துணி மூட்டையைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈயத்தை வைத்து நசுக்கிக் கம்பெனி முத்திரை குத்துவார்களாம். வழியில் எவனும் பிரிக்கவில்லை என்பதற்கு அடையாளம். அன்றிலிருந்து சித்தப்பாவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கோடை முடிவதற்குள் பதினோரு முத்திரை எடுத்தார். ஒரு பால்பவுடர் டப்பாவில் பஞ்சு போட்டு வைத்திருந்தார். நான் தொட்டால் அடி விழும்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். மூடி, மிதித்து, மேலே ஒரு நாணல் கற்றையை இழுத்துத் தடமே தெரியாமல் செய்துவிட்டுத்தான் அடுத்த அடி. "குழிய மூடாம வந்தே, காலை ஒடிச்சிடுவேன். மாடு கால வச்சு முறிஞ்சா யாரு பதில் சொல்றது?" மூடுவதற்கு முன்னால் இன்னொன்றும் செய்ய வேண்டும். தோண்டிய குழிக்கு மேலேயே மெஷினை இன்னொரு தரம் காட்ட வேண்டும். ஒன்று கிடந்த இடத்தில் இன்னொன்றும் கிடக்கலாம். பத்து நாளில் இதெல்லாம் என் கைக்குப் பழகிவிட்டது. யோசிக்காமலே செய்வேன்.

ஊரில் ஒருவரும் ஈய முத்திரையை நம்பவில்லை. சித்தப்பா புதையல் எடுக்கிறார் என்றுதான் பேச்சு. டீக்கடையில் தங்கப் படகு என்றார்கள். கூட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வாழைத்தாரோடு வந்தார். அப்புறம் எதிர்வீட்டு அக்கா களத்தில் நெல் தூற்றும்போது தாலிக்குண்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். சித்தப்பா சலித்துக்கொண்டே மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். தெருவே களத்துமேட்டில் நின்றது. பதருக்குள்ளிருந்து கால் மணி நேரத்தில் குண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்தின் பின்னால் நின்ற சித்தி மட்டும் கைதட்டவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சித்திக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சித்தப்பா துபாய் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. குழந்தை எட்டு மாதம் இருந்தது. வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் போய்விட்டது. சித்தப்பா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் ஒரு ஜோடி வெள்ளித் தண்டை கொடுத்தனுப்பியிருந்தார், அவ்வளவுதான் அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல். தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில் தண்டையைக் கழற்றப் பார்த்தார்கள். சித்தி கழற்ற விடவில்லை. "அவங்கப்பா வாங்கிக் குடுத்தது, கால்லயே கெடக்கட்டும்" என்றாளாம்.

எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. பாடை, சங்கு, பதினாறாம் நாள் எதுவும் இல்லை. வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போவார். திரும்பி வந்து குளிப்பார். எந்த இடம் என்று சொல்ல மாட்டார், மேலே கல்லோ செடியோ வைக்க மாட்டார்கள். தாய்க்கு இடம் தெரிந்தால் மனசு அங்கேயே கிடக்கும், அடுத்த குழந்தை வயிற்றில் தங்காது என்பார்கள். பெரிய பெண்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. சித்தியின் குழந்தையைக் கொண்டுபோனவர் என் அப்பா. கூடப் போனவர் ஊர் மடைக்காரர், அவர் அடுத்த வருஷமே இறந்துபோனார். ஐந்து வருஷத்தில் சித்தி அப்பாவிடம் எத்தனை தடவை கேட்டாளோ தெரியாது. "அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அடுத்த குழந்தையும் வரவில்லை.

தாலிக்குண்டு கிடைத்த அன்று சித்தப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சித்தி ரசம் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அந்த வடக்குப் படுகையில ஒரு தரம் பாருங்களேன்."

"என்னத்த?"

"வெள்ளித் தண்டை கால்லதானே கெடந்துச்சு. மெஷினு சத்தம் போடும்ல."

சித்தப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மெஷினு அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு? எவனோ ஒல்லாந்துக்காரன் மூட்டையில கட்டுன ஈயத்துக்காக நாளு பூரா வெயில்ல கெடந்து காயிறீங்க. நம்ம புள்ள கெடக்குற எடத்தப் பாக்க மாட்டீங்களா? நான் எடுக்கச் சொல்லல. எடம் எதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. போயி ஒக்காந்துட்டு வந்துடுவேன்."

சித்தப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்ன கல்நெஞ்சு என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். வடக்குப் பக்கம் நாணல் அடர்ந்திருக்கிறது என்று சொல்லி, அவர் ஒருநாளும் கயிற்றை அந்தப் பக்கம் கட்டியதில்லை. அந்தச் சத்தம் தன் காதில் கேட்டுவிடுமோ என்று அந்த மனிதர் நடுங்கியிருக்கிறார். எனக்கே பிள்ளைகள் பிறந்து, ஒன்று ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து பிழைத்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

மறுநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது சித்தி குனிந்து காதில் சொன்னாள். "நீ இன்னும் சின்னப் புள்ளதானே, நீ போலாம். மத்தியானம் சித்தப்பா தூங்குவாரு. மெஷின எடுத்துட்டுப் போ. சத்தம் வந்தா தோண்டக் கூடாது, தெரியுதா? குச்சி ஒண்ண நட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அந்த வீட்டில் அதுவரை என்னை ஒருவரும் எதற்கும் நம்பியதில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

சித்தப்பா லீவு முடிய மூன்று வாரம். அதற்குள் மேட்டூர் திறந்து தண்ணீரும் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். தினமும் மத்தியானம் மாட்டுக்கொட்டகையிலிருந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். மணல் சுடும். காதுக்கருவி பெரியது, ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் பதினேழு இடத்தில் சத்தம். சொன்னபடி பதினேழு குச்சி நட்டேன். மறுநாள் போனால் ஆடுகள் புகுந்து எல்லாவற்றையும் சாய்த்திருந்தன. எது ஆணி, எது தண்டை என்று குச்சிக்குத் தெரியுமா? சித்தி மெஷினை ஒருநாளும் பிடித்துப் பார்த்தவள் இல்லை. தோண்டினால்தான் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தோண்டுவேன், ஆணி வரும், மூடுவேன், மிதிப்பேன், நாணலை இழுப்பேன். வீட்டில் பாட்டரி சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. சித்தப்பா நாகப்பட்டினத்து ரேடியோ கடைக்காரரைக் கண்டபடி திட்டினார்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ. அன்றைக்கு ஏற்கெனவே நாலு இடம் தோண்டியிருந்தேன். ஐந்தாவதில் ஒரு முழம்கூட இறங்கவில்லை. வெள்ளத்தில் மேல்மண் அரித்துப் போயிருக்க வேண்டும். விரலில் ஒரு வளையம் மாட்டியது. கறுப்பு. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. உள்ளே மண் அடைத்திருந்தது. பாவாடையில் தேய்த்ததும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தது. எனக்குப் பயமே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? சந்தோஷத்தில் கத்தினேன். கை பழக்கம், குழிக்கு மேலே மெஷினைத் திரும்பக் காட்டினேன். கீச் என்றது. இன்னும் நாலு விரல்கடை தோண்டி இரண்டாவதையும் எடுத்தேன். மறுபடி காட்டினேன். ஊங் என்று மெல்லிசாக இழுத்தது, அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை. மண்ணைத் தள்ளி மூடினேன். மிதித்தேன். ஆமாம், மிதித்தேன். நாணலை இழுத்துவிட்டேன். இரண்டையும் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு மெஷினைத் தோளில் சாத்திக்கொண்டு ஓடினேன்.

சித்தி கொல்லையில் மோர்மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். மிளகாய் ஒட்டியிருந்த கை. அவள் அழவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய்ப் புளி எடுத்து வந்து, உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி, அவசரமே இல்லாமல். ஒன்று பளிச்சென்று ஆனதும் தலை நிமிர்ந்தாள்.

"தோண்டாதேன்னு சொன்னேனேடி."

"ஆணியான்னு பாத்தேன் சித்தி."

"சரி. குச்சி நட்டியா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "நட்டேன்" என்றேன்.

இப்போதும் அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் காரணம் கிடையாது. அடிக்குப் பயந்து சொன்னதும் இல்லை, சித்தி அடிக்கிறவள் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் போய் நட்டுவிடலாம், இடம்தான் தெரியுமே என்று இருந்தேன்.

சாயங்காலம் கோடைமழை. ஓட்டில் ஆலங்கட்டி விழுந்தது. ராத்திரி வரைக்கும் விடவில்லை.

விடிந்ததும் ஓடினேன். படுகை மொழுகிவிட்ட தரைபோல் சமமாகக் கிடந்தது. நான் தோண்டியது ஐம்பது குழியாவது இருக்கும். ஒன்றும் தெரியவில்லை. நாணலில் தேடினேன், ஆற்றைப் பார்த்து நின்று பார்த்தேன், மேட்டைப் பார்த்து நின்று பார்த்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் இதுதான் என்று தோன்றியது, அடுத்த நிமிஷம் இல்லை என்று தோன்றியது. அந்த இடத்தைக் காட்டுவதற்கு மெஷினுக்கு இருந்த ஒரே வழியை நான் பாவாடையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதையாவது அன்றைக்குப் புரிந்துகொண்டேன். உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒரு கருவேலங்குச்சியை ஒடித்து, கைக்கு வந்த இடத்தில் நட்டேன்.

சித்தி அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். அப்பா வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் பார்த்துப் பேசாதவள், நேரே போய்க் கையை விரித்துத் தண்டையைக் காட்டினாள். "எடம் தெரிஞ்சு போச்சு. இவ கண்டுபிடிச்சுட்டா. நான் போயிப் பாக்கப் போறேன். நீங்க திட்டுனாலும் சரி."

அப்பா திட்டவில்லை. முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். தண்டையைக் கையில் வாங்கி, தன் விரல்களைக் குவித்து உள்ளே நுழைத்துப் பார்த்தார். மூன்று விரலுக்கு மேல் போகவில்லை.

நாலு பேரும் போனோம். பெரிய பெண் ஒருத்தி படுகைக்குள் இறங்குவதை ஆட்டுக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். சித்தப்பா மெஷினைக் கொண்டுவந்திருந்தார். பழக்கதோஷம். நான் குச்சியைக் காட்டினேன். அவர் தட்டைக் குச்சியைச் சுற்றி வீசினார். சத்தமில்லை. பிறகு அவரே, "எடுத்தாச்சுல்ல, அப்புறம் எப்புடிச் சத்தம் வரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காதுக்கருவியைக் கழற்றினார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கதானாண்ணே?"

அப்பா குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். நான் சாமியெல்லாம் கூப்பிட்டேன். பொய் வெளுத்துவிடப் போகிறது, தெருவே காறித் துப்பப் போகிறது என்று நின்றேன்.

"ஆமாப்பா. இங்கதான்" என்றார் அப்பா.

சித்தி அந்த இடத்தில் குப்புற விழுந்தாள். ஐந்து வருஷத்து அழுகையை அழுதாள். சித்தப்பா மெஷினைத் தரையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணலில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி எழுந்து, முழங்கை மறைகிற ஆழத்துக்குக் கையாலேயே தோண்டி, இரண்டு தண்டையையும் உள்ளே வைத்தாள். "அவளோடது. அவகிட்டயே இருக்கட்டும்." சித்தப்பா மண்ணைத் தள்ளி மூடினார். இந்தத் தடவை யாரும் மிதிக்கவில்லை.

அப்பா ஆமாம் என்றதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு நட்டாலும் சாமி என் கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். புதைத்தவரே சொல்லிவிட்டாரே! அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். முப்பது வருஷம் அந்த நிம்மதியிலேயே இருந்தேன்.

சித்தப்பா துபாய்க்குத் திரும்பும்போது மெஷினைக் கொண்டுபோனார், அடுத்த தடவை வந்தபோது அது இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பால்பவுடர் டப்பாவில் இருந்த ஈய முத்திரைகளை அம்மா ஒரு வலைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவர் வலைக்குக் குண்டு கட்ட உருக்கிக்கொண்டார். சித்திக்கு அதற்கடுத்த வருஷம் ஒரு மகன் பிறந்தான். இடம் தெரிந்தால் குழந்தை தங்காது என்று சொன்ன வாய்களெல்லாம், மனசு ஆறியதால்தான் தங்கியது என்று மாற்றிப் பேசின. சித்தி வருஷத்தில் ஒருநாள் தவறாமல் படுகைக்குப் போனாள். ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட். ஊர்ப் பெண்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு அவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டு ஆண்களிடம் போய், "நம்ம புள்ளய எங்க வச்சீங்க" என்று கேட்டார்களாம். கல்யாணமாகிப் போன பிறகு நான் ஊருக்கு வரும்போதெல்லாம் சித்தி எனக்குப் பிடித்த பணியாரம் சுட்டு வைத்திருப்பாள். "நீ மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பிப்பாள். நான் பேச்சை மாற்றுவேன். வெட்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்பா கடைசி வருஷத்தில் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சம்பந்தமே இல்லாமல் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நல்ல மழைம்மா. மடைக்காரரு முன்னால போறாரு, நான் புள்ளய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பின்னால போறேன். கண்ணத் தொறக்க முடியல. எங்க வச்சோம்னு அப்பவே சரியாத் தெரியாது. ஒரு பூவரசங்கன்ன அடையாளம் வச்சிருந்தேன், அடுத்த வெள்ளத்துல அதுவும் போயிருச்சு."

"சித்திகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"பெத்தவகிட்டப் போயி, ஒம்புள்ளய எங்க வச்சேன்னு எனக்கே தெரியலன்னு எப்புடிம்மா சொல்றது? சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அது ஒரு வசதி." ஒரு வாய் கஞ்சி வாங்கிக்கொண்டார். "நல்ல வேளை, நீ கண்டுபுடிச்ச. நீ குச்சியக் காட்டுனதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நீ பாத்து எடுத்த எடம், தப்பா இருக்காதுன்னு ஆமான்னு சொல்லிட்டேன்."

கரண்டியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் என் பொய்யின் மேல் சாய்ந்திருக்கிறார், நான் அவருடைய பொய்யின் மேல் சாய்ந்திருந்திருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும். எண்பத்திரண்டு வயது மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகச் சிரிக்கிறார். "ஆமாப்பா, அதே எடம்தான்" என்றேன். பத்து வயதில் சொன்னது குழந்தைத்தனம் என்று வைத்துக்கொண்டாலும், இது நாற்பது வயதைத் தாண்டிய பொம்பளை தெரிந்தே சொன்னது.

அதற்கப்புறம் சித்தியைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய்வரைக்கும் வந்தது. பாலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, முட்டி மடங்காத காலோடு அவள் கரை இறங்குவதைப் பார்த்தால் சொல்ல முடியுமா? உங்களால் முடிந்திருக்குமா? சொல்லுங்கள்.

மாசியில் போன் வந்தது. எரித்த மறுநாள் தம்பி, அதான் சித்தியின் மகன், அஸ்தி இருந்த மண்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, மிச்சத்தைக் கடல்ல கரைச்சிடலாம். ஒரு பிடி மட்டும் பாப்பா இருக்கற எடத்துல வைக்கணும்னு அம்மா எழுதி வாங்காத குறையா சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒங்களத்தான் காட்டச் சொன்னாங்க. நீங்கதானே மொதல்ல கண்டுபுடிச்சவங்க."

படுகை இப்போது படுகையாக இல்லை. மணல் லாரிகள் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டன, மறுபக்கம் கருவேலங்காடு. ஆனாலும் சித்தி நடந்து நடந்து போட்ட ஒற்றையடித் தடம் அப்படியே இருந்தது. அதன் முடிவில் போய் நின்றேன். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் அம்மா அன்றைக்குப் புளியோடு நிமிர்ந்து பார்த்த அதே கண்.

"இங்கதானாக்கா?"

"இங்கதான்" என்றேன்.

அவன் மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கிச் சாம்பலை வைத்தான். "அம்மாவும் பாப்பாவும் சேந்துட்டாங்க" என்று சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கும்பிட்டான்! நான் அவன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். குழந்தை அந்தப் படுகையில்தான் எங்கேயோ இருக்கிறாள், அல்லது எந்த லாரியிலோ ஏறிப் போய்விட்டாள். காலில் தண்டைகூட இல்லை, அதையும் நான் எடுத்துவிட்டேன். அவளுடைய அம்மாவை நான் கொண்டுவந்து வைத்த இடத்திலிருந்து அவள் எந்தத் திசையில் எத்தனை அடி தள்ளி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.